பெயர்ப் பலகை ரெடி, இன்ஜின் பாக்கி

ஆம்பூரிலிருந்து ஒரு வாசகர், ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர், போன வருஷம் எனக்கு நாலு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். கூடவே ஒரு போட்டோ. மூன்றங்குல நீளத்தில் ஒரு பித்தளை பிளேட். சிவப்புப் பின்னணியில் எடுப்பாக ஒரு பெயர், அதன் கீழே பொடி எழுத்தில் 'ஜோலார்பேட்டை'. 'சார், நிஜ நீராவியில் ஓடுகிற மாதிரி குட்டியாக ஒரு ரயில் இன்ஜின் செய்யப்போகிறேன். பெயர்ப் பலகை ரெடி. இன்ஜின்தான் பாக்கி' என்றிருந்தது.

பத்திரிகை அடித்துவிட்டுப் பெண் தேடுகிற கேஸ் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே மூன்றாம் பக்கத்துக்கு வந்தேன். பிளேட்டில் இருந்தது அவர் அப்பாவின் பெயர். ஜோலார்பேட்டை ஷெட்டில் ஃபயர்மேனாக இருந்தவராம். இப்போது இல்லை. சட்டையில் எத்தனை தடவை துவைத்தாலும் போகாத கரி வாசனை இருக்கும் என்று எழுதியிருந்தார். அதற்கப்புறம் நான் சிரிக்கவில்லை.

இந்த ஆசை அந்தப் பக்கத்துக்காரருக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. தென்னிந்தியாவின் முதல் பாசஞ்சர் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்தில் கிளம்பிப் போய் நின்ற இடம் வாலாஜா ரோடு. சுமார் நூறு கிலோமீட்டர். அப்புறம் அந்தப் பாதை காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று மேற்கே வளர்ந்தது. 2019-ல் பழைய வேலூர் ஜில்லாவை மூன்றாகப் பிரித்தபோது வாலாஜா ராணிப்பேட்டைக்கும், ஆம்பூர் திருப்பத்தூருக்கும் போய்விட, காட்பாடி மட்டும் வேலூரோடு தங்கிவிட்டது. தண்டவாளத்துக்கு அதெல்லாம் தெரியாது. பழையபடி மூன்றையும் கோத்துக்கொண்டு போகிறது.

சரி, 'நிஜ நீராவி' என்றால் என்ன? கடையில் விற்கும் பொம்மை ரயிலுக்குள் ஒரு சின்ன மோட்டார் இருக்கும். புகை வருகிற மாடலில்கூட எண்ணெயைச் சூடாக்கிப் புகை விடுவார்கள், அவ்வளவுதான். லைவ் ஸ்டீம் அப்படியில்லை. உள்ளே நிஜ நெருப்பு, நிஜத் தண்ணீர், நிஜ அழுத்தம். தண்ணீர் கொதித்து, ஆவி சிலிண்டருக்குள் புகுந்து, பிஸ்டனைத் தள்ளி, சக்கரத்தைச் சுற்ற வேண்டும். நம்மில் பலருக்கு இதன் முதல் பாடம் திருவிழாக் கடையில் கிடைத்திருக்கும். எண்ணெயில் நனைத்த திரியைக் கொளுத்தி வைத்தால் அலுமினிய அண்டாவில் டபடபவென்று சுற்றி வருமே, தகரப் படகு, அதுவும் நீராவிதான். 1891-ல் தாமஸ் பியோ என்பவர் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய சமாசாரம். நம் ஊர்த் தேரடியில் பலூனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

அந்தப் படகிலிருந்து ஆளை இழுக்கும் இன்ஜினுக்குப் போகிற வழியைச் சாமானியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு பத்திரிகை எழுத்தாளர் என்பதில் எனக்குக் கொஞ்சம் தற்பெருமை உண்டு. இங்கிலாந்தில் 'மாடல் இன்ஜினீயர்' என்று ஒரு பத்திரிகை, 1898-ல் ஆரம்பித்தது. அதில் 1924-லிருந்து 'எல்.பி.எஸ்.சி.' என்ற புனைபெயரில் ஒருவர் எழுதினார். லண்டன் பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரயில்வேயின் முதலெழுத்துக்கள். அதில் வேலை பார்த்தவர். நண்பர்களுக்கு 'கர்லி'. 1967-ல் சாகும் வரை பேனாவைக் கீழே வைக்கவில்லை. இஸ்திரிப் பெட்டி அளவு லேத்தும் ஒரு அரமும் வைத்திருக்கிற குமாஸ்தாவுக்குப் புரிகிற மாதிரி, இந்த ஆணியை இங்கே அடி, அந்த ஓட்டையை இந்த அளவில் போடு என்று பக்கத்தில் நின்று பேசுகிற பாணி.

அவர் பெயர் வாங்கியதே ஒரு சண்டையில். இத்தனூண்டு இன்ஜினில் கரி போட்டு ஓட்டவே முடியாது, ஸ்பிரிட் விளக்குதான் லாயக்கு என்பது 1920-களில் பெரிய கைகள் பலரின் கட்சி. இவர் இரண்டரை அங்குல இருப்புப்பாதையில் ஓடும் தன் இன்ஜினைக் கொண்டுவந்து, கரி போட்டு, வளர்ந்த ஆட்களை உட்காரவைத்து இழுத்துக் காட்டிவிட்டார். இன்ஜினின் பெயர் 'ஆயிஷா'. அந்த மோதலுக்கு 'பாய்லர் யுத்தம்' என்றே பெயர் வந்துவிட்டது. கவனியுங்கள், சக்கர யுத்தமில்லை, சிலிண்டர் யுத்தமில்லை. பாய்லர் யுத்தம்.

நம் ஆம்பூர் நண்பர் செய்ய நினைத்தது டபிள்யூ.பி. துப்பாக்கிக் குண்டு மூக்கும் அதன் நடுவில் நட்சத்திரமுமாக எக்ஸ்பிரஸ் வண்டிகளை இழுத்துப்போன அழகி. அப்பா கரி போட்ட இன்ஜின். ஐந்து அங்குலப் பாதைக்குச் செய்வதாகத் திட்டம். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நம் அகலப்பாதை ஐந்தரை அடி, அதாவது 66 அங்குலம். ஐந்தால் வகுத்தால் 13 சொச்சம். நீளம் 13-ல் ஒரு பங்கு. ஆனால் பரப்பு 13 தடவை 13, சுமார் 174-ல் ஒரு பங்கு. கன அளவோ சுமார் 2,300-ல் ஒரு பங்கு. டெண்டரோடு 170 டன் இருந்த ராட்சசி 74 கிலோவுக்கு இறங்கிவிடும். நீங்களும் நானும் பிரியாணி சாப்பிட்ட பிறகு இருக்கிற எடை.

வம்பே இந்த இடத்தில்தான். இன்ஜினைச் சின்னதாக்கலாம். தண்ணீரையும் நெருப்பையும் சின்னதாக்க முடியாது. தண்ணீர் 2,300 மடங்கு குறைந்தாலும் அது சூட்டை இழக்கிற பரப்பு 174 மடங்குதான் குறைகிறது. ஆகவே குட்டி இன்ஜின் கண்ணெதிரே ஆறிப் போகும். பெரிய இன்ஜினில் நெருப்புக்காற்று போகிற இரண்டங்குலக் குழாயை அப்படியே சுருக்கினால் நாலு மில்லிமீட்டர். பத்து நிமிஷத்தில் சாம்பல் அடைத்துக்கொள்ளும். அதனால் குழாய் எண்ணிக்கையைக் குறைத்து, விட்டத்தைக் கூட்ட வேண்டும். வெளியே ரிவெட் ரிவெட்டாக அசலைப் பிரதி எடுக்கலாம். (ரிவெட்டை எண்ணிப் பார்த்துக் குறை சொல்வதற்கென்றே இந்தப் பொழுதுபோக்கில் ஒரு கோஷ்டி உண்டு. அவர்களை டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.) உள்ளே இருப்பது மட்டும் தனி இன்ஜின்தான்.

'டபிள்யூ.பி. வேண்டாம். எல்.பி.எஸ்.சி. புதியவர்களுக்கென்றே 'டிச்' என்று நாலு சக்கரக் குட்டி இன்ஜின் ஒன்று போட்டுக் கொடுத்திருக்கிறார், மூன்றரை அங்குலப் பாதைக்கு. அதில் கை பழகுங்கள்' என்று பதில் போட்டேன். அவருக்குக் கோபம். 'அப்பா ஏறாத இன்ஜினுக்கு அப்பா பெயரா?' என்று ஒரே வரியில் கார்டு வந்தது. பதினைந்து நாள் கழித்து இன்னொன்று. அம்மாவிடம் சொன்னாராம். 'உங்கப்பா மட்டும் எடுத்த எடுப்புல மெயில் வண்டில ஏறினாரா? மொதல்ல க்ளீனரா இன்ஜின் தொடைச்சாரு. அப்புறம் வருஷக்கணக்கா யார்டுல ஷண்டிங். அந்தச் சின்னதையே செய்யி' என்றாராம். அம்மாக்களுக்கு லோகோ டிபார்ட்மென்ட் புரமோஷன் லிஸ்ட் மனப்பாடம்.

போன தை மாதம் வேலூரில் ஒரு கல்யாணம். அப்படியே ஆம்பூருக்கும் ஒரு நடை போனேன்.

குட்டி இன்ஜின் செய்ய அந்த ஊரைவிடத் தோதான இடம் கிடையாது. தோல் ஷாப்புகளும் ஷூ கம்பெனிகளும் இருக்கிற ஊரில் மெஷின் ரிப்பேருக்கு லேத் பட்டறைகள் இருந்தே தீரும். நண்பர் சாயங்காலம் ஆபீஸ் முடிந்து ஒரு பட்டறையில் ரெண்டு மணி நேரம் நிற்கிறார். சக்கரம் கடைந்தாகிவிட்டது. சிலிண்டர் ரெடி. மேஜை மேல் வரிசையாக வைத்து, பல் டாக்டர் மாதிரி விளக்கைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

'சார், பிஸ்டன் பேக்கிங்குக்கு நம்மூர் தோலையே போட்டா என்ன?'

உள்ளூர் அபிமானம் புரிகிறது. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் அவர் கம்பெனி லாபிலேயே இருக்கிறது. குரோம் போட்ட தோல் சரியாகப் பதப்பட்டதா என்று பார்க்க, ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள். சுருங்காமல் இருந்தால் பாஸ். பட்டை, கடுக்காய் என்று தாவரச் சரக்கில் பதப்படுத்திய தோலானால் 70, 80 டிகிரியிலேயே சுருண்டுவிடும். ஆக, நல்ல தோலுக்கே பரீட்சை 100 டிகிரியோடு சரி. சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அழுத்தத்தில் நீராவி இருப்பது சுமார் 162 டிகிரியில். பிஸ்டனில் தோல் போட்டால் முதல் ஓட்டத்திலேயே வற்றல். ஆனால் தோலுக்கு வேறு ஒரு கௌரவமான வேலை இருக்கிறது. பழைய பம்ப் ஸ்டவ்வில் கிண்ணம் மாதிரி ஒரு தோல் வாஷர் இருக்குமே, அது. பச்சைத் தண்ணீரை அழுத்துவதற்கு அதுதான் ராஜா. எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

எல்லாம் இருந்தது. பாய்லரைத்தான் காணோம். 'அதைக் கடைசியா வச்சிக்கலாம்னு...' என்று இழுத்தார். 'ஏ.சி. மெக்கானிக் ஒருத்தர் ஃபிரெண்டு. அரை நாள்ல பத்தவச்சுக் குடுத்துடறேன்னாரு.'

பாய்லருக்கு நல்லது செம்பு. சூட்டைக் கடத்தும், துருப்பிடிக்காது. இணைப்புக்கு ஈயப் பற்று உதவாது. ஈயமும் தகரமும் கலந்த பற்று 190 டிகிரிக்குள் உருகிவிடும். ஆவியே 162. தண்ணீர் கொஞ்சம் குறைந்தால் கதை முடிந்தது. 600 டிகிரிக்கு மேல் உருகும் வெள்ளி கலந்த பற்றுதான் வேண்டும். ஏ.சி. மெக்கானிக்குக்குச் செம்பைப் பற்றவைக்கத் தெரியும், சந்தேகமில்லை. ஆனால் அவர் வழக்கமாக வைத்திருப்பது பாஸ்பரஸ் கலந்த கம்பி. ஏ.சி. குழாய்க்கு அமிர்தம். நிலக்கரிப் புகையில் இருக்கும் கந்தகத்துக்கு அந்தப் பாஸ்பரஸ் இணைப்பு ஆகாது, நாளடைவில் அரித்துவிடும். அதேபோல் பாய்லரோடு சேர்கிற மரைத் துண்டுகளை வெண்கலத்தில் கடைய வேண்டும். பித்தளை அழகாக மின்னும், ஆனால் சுடுதண்ணீரில் கிடந்து கிடந்து துத்தநாகத்தை இழந்துவிட்டு பிஸ்கட் மாதிரி உதிரும். பித்தளை பெயர்ப் பலகைக்கு இருக்கட்டும்.

இன்னொன்று, தட்டையான தகடு. பாய்லரின் பின் தகடு மூன்றுக்கு நாலு அங்குலம் என்று வையுங்கள். 12 சதுர அங்குலம். 80 பவுண்டு வீதம் 960 பவுண்டு, அதாவது 435 கிலோ. நன்றாக வளர்ந்த ஒரு எருமை அந்தக் குட்டித் தகட்டை உள்ளேயிருந்து இடைவிடாமல் முட்டுகிறது. தகடு வெளியே உப்பாமல் இருக்க, குறுக்கே செம்புக் கம்பிகளைக் கொடுத்து இழுத்துக் கட்ட வேண்டும். எத்தனை, எவ்வளவு இடைவெளியில் என்பதெல்லாம் டிராயிங்கில் இருக்கும். அதில் ஒன்றைக்கூடக் குறைக்கக் கூடாது.

பட்டறையில் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஒரு தோல் ஷாப்பில் பாய்லர் பார்த்து ரிட்டயர் ஆனவர். எல்லாரும் 'பாய்' என்றார்கள். அவரிடம் நண்பர், 'பாய், இது ரெண்டு லிட்டர்கூட இல்ல. இதுக்கெல்லாம் இன்ஸ்பெக்டர் வரமாட்டாரு' என்றார்.

அது வாஸ்தவம். 1923-லிருந்து நம் நாட்டில் பாய்லருக்கென்று சட்டம் உண்டு, 2025-ல் அதற்குப் பதில் புதிய சட்டம் வந்திருக்கிறது. தோல் ஷாப் பாய்லர் என்றால் இன்ஸ்பெக்டர், சர்ட்டிபிகேட், பரீட்சை பாஸ் பண்ணிய ஆள், எல்லாம் வேண்டும். 25 லிட்டருக்குக் குறைந்த பாத்திரம் சட்டத்தின் கண்ணில் பாய்லரே இல்லை. நம் ஆட்கள் இதைச் சலுகை என்று எடுத்துக்கொள்கிறோம். எனக்கு அது பயமாக இருக்கிறது. 162 டிகிரியில் அடைபட்ட தண்ணீர் திடீரென்று வெளியே வந்தால், ஒரு லிட்டரில் எட்டில் ஒரு பங்கு கண் இமைப்பதற்குள் ஆவியாகிவிடும். சுமார் 200 லிட்டர் ஆவி, ஒரு முழு கெமிக்கல் டிரம். அதுவும் ரெண்டடி தூரத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிற முகத்துக்கு எதிரே. கேட்க ஆளில்லை என்றால், கேட்க வேண்டிய ஆள் நாம்தான்.

பாய் பிளேட்டை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார். 'அப்பா பேரா?' என்றார். 'நல்லா வெட்டிக்கீறே. ஆனா ஒண்ணு தம்பி. பாய்லர் சின்னதோ பெருசோ, தண்ணி கொறஞ்சா அதுக்கு அப்பன் பேரு தெரியாது.'

நண்பர் ஒன்றும் பேசவில்லை. பிளேட்டைத் துணியில் சுற்றி டிராயருக்குள் வைத்தார்.

நாலு மாதம் கழித்துப் பாய்லர் பரீட்சைக்கு என்னையும் கூப்பிட்டார். போனேன். பச்சைத் தண்ணீரில்தான் பரீட்சை. பாய்லரில் ஒரு குமிழ் காற்றுகூட இல்லாமல் தண்ணீரை நிரப்பி, கைப் பம்பால் அழுத்தத்தை ஏற்றுவார்கள். ஓடப்போகிற அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு. 80-க்கு 160 பவுண்டு. தண்ணீர் ஏன் என்றால் அது காற்று மாதிரி அமுங்காது, அதனால் சேர்த்து வைத்த வேகமும் கிடையாது. எங்காவது விட்டுப்போனால் வெடிக்காது, பிலுக்கென்று ஒரு சொட்டு வரும், அவ்வளவுதான். அந்தப் பம்பில்தான் நம் தோல் வாஷர். ஆம்பூர்ச் சரக்கு, விளக்கெண்ணெயில் ஊறவைத்தது.

நண்பர் பம்ப் அடிக்க, பாய் கேஜைப் பார்த்தார். நூறு. நூற்றிருபது. பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த லேத்தை யாரோ நிறுத்தினார்கள். நூற்றைம்பது. நூற்றறுபது. 'போதும், கைய எடு.' இருபது நிமிஷம் முள் அசையக் கூடாது. டெஸ்ட் மேட்ச்சில் கடைசி விக்கெட் ஜோடி ஆடுகிறபோதுகூட நான் அப்படி உட்கார்ந்ததில்லை. எட்டாவது நிமிஷத்தில் முள் ஒரு முடி அகலம் இறங்கியது. சேஃப்டி வால்வ் மரைக்கு அடியில் ஒரு சொட்டு. நண்பரின் முகம் விழுந்துவிட்டது. பாய் மட்டும் சந்தோஷமாகத் தலையாட்டினார். 'இன்னிக்கே தெரிஞ்சுது பாரு. நல்லது.' கழற்றி, சுத்தம் பண்ணி, மறுபடி பற்றவைக்க வேண்டும். அந்த வாரமே செய்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிஷமும் முள் சாமி மாதிரி நின்றதாக போன் வந்தது.

நீராவி ஏற்றுவது அடுத்த கட்டம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பிஸ்டனைத் தள்ளி முடித்த ஆவியைப் புகைபோக்கி வழியாகத்தான் வெளியே விடுவார்கள். 'சுக், சுக்' சத்தம் அதனால்தான். அப்படிப் போகும்போது அது நெருப்பின் ஊடாகக் காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. வேகம் கூடக்கூட நெருப்பும் தானே கூடும். ஆனால் ஓடாத இன்ஜினுக்கு இழுப்பு இல்லை. அதனால் முதலில் புகைபோக்கி மேல் ஒரு சின்ன உறிஞ்சு விசிறியை வைத்து, மண்ணெண்ணெயில் நனைத்த இஸ்திரிப் பெட்டிக் கரியால் பற்றவைக்க வேண்டும். எப்போதும் ஒரு கண், தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் மேல் இருக்க வேண்டும். சின்ன பாய்லரில் அது இறங்குகிற வேகம் பெரிய டிரைவர்களையே பயமுறுத்தும்.

இந்தப் பெயர் விஷயத்துக்கு வருவோம். இன்ஜினுக்குப் பெயர் வைப்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. நீராவிக் காலத்தில் இன்ன இன்ஜின் இன்ன டிரைவருக்கு என்று இருந்தபோது அதைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பித்தளையில் நகை போட்டு வைத்திருந்தார்கள். சித்தரஞ்சனில் 1950-ல் செய்த முதல் இன்ஜினுக்கு 'தேசபந்து' என்று பெயர் வைத்தார்கள். 1970-ல் அங்கே செய்த கடைசி அகலப்பாதை நீராவி இன்ஜினுக்கு வைத்த பெயர் 'அந்திம் சிதாரா', கடைசி நட்சத்திரம். ஒரு சர்க்கார் தொழிற்சாலைக்குள் யாருக்கோ அன்றைக்குத் தொண்டை அடைத்திருக்கிறது. அது கடைசியாக இல்லாமலும் போயிற்று. திருச்சி பொன்மலைக்காரர்கள் ஊட்டி ரயிலுக்காக 2011 முதல் புது நீராவி இன்ஜின்களையே செய்து கொடுத்திருக்கிறார்கள். 1855-ல் இங்கிலாந்தில் செய்த இ.ஐ.ஆர். 21 என்ற கிழவியை, நூறு வருஷத்துக்கு மேல் காட்சிப் பொருளாக நின்றிருந்ததை, பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் 2010-ல் ஓட வைத்தார்கள்.

நம் நண்பர் இன்ஜின் இன்னும் ஓடவில்லை. மொட்டைமாடியில் முப்பதடிக்குத் தண்டவாளம் போடுகிறார், தன் கையாலேயே. முதல் நீராவி ஏற்றும் வரை பிளேட் டிராயரில்தான் இருக்குமாம். அதற்குள் புதிதாக ஒரு குழப்பம். பெயிண்ட் பச்சையா, கறுப்பா? அம்மா பச்சை என்கிறாராம். எனக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். கறுப்பு அடியுங்கள், கரி தெரியாது, சிவப்பு பிளேட் எடுப்பாக இருக்கும் என்று நேற்று ஒரு கார்டு போட்டேன். அம்மா சொல்வதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன்.